வலது மூளை, இடது மூளை, கணக்கு, மொழி: பெற்றோரும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்பவை

நான் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை கணக்கு எடுக்கிறேன். பெற்றோர் கூட்டத்தில் முன்பெல்லாம் "ஏன் மார்க் குறைஞ்சுது" என்றுதான் கேட்பார்கள். இப்போது கையில் ஒரு தாளோடு வருகிறார்கள். அதில் பிள்ளை 'வலது மூளை'யா 'இடது மூளை'யா என்று எழுதியிருக்கிறது, சதவீதம்கூடப் போட்டிருக்கிறது. அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஒரு குழந்தைக்குக் கணக்கு வருமா வராதா என்று முடிவுகட்டுவதைப் பார்த்துப் பார்த்து மனசு தாங்காமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

"மிஸ், இடது பக்க மூளை கணக்குக்கு, வலது பக்க மூளை கற்பனைக்குன்னு சொல்றாங்களே, நிஜமா?"

இல்லை. மூளை இரண்டு பாதியாக இருப்பது உண்மை. இடது பாதி உடம்பின் வலது பக்கத்தையும், வலது பாதி இடது பக்கத்தையும் கவனிப்பது உண்மை. சில வேலைகள் ஒரு பாதியின் பக்கம் சாய்ந்திருப்பதும் உண்மை, அதில் மொழி முக்கியமானது. ஆனால் கணக்கு என்கிற மொத்தப் பாடமும் ஒரு பக்கத்தில், கவிதையும் ஓவியமும் மறுபக்கத்தில் என்று பிரித்துவைத்த அலமாரி எதுவும் தலைக்குள் இல்லை. இரண்டு பாதிக்கும் நடுவில் கார்பஸ் கலோசம் என்று ஒரு தடித்த நரம்புக் கட்டு இருக்கிறது, ஏறக்குறைய 20 கோடி இழைகள். நீங்கள் இந்த வரியைப் படிக்கும் இந்த நொடியிலும் அதன் வழியாக இரண்டு பக்கமும் பேசிக்கொண்டுதான் இருக்கின்றன.

"சும்மா யாரும் கிளப்பிவிட்டிருக்க மாட்டாங்களே, எங்கேருந்து வந்தது இந்தப் பேச்சு?"

ஆரம்பம் நல்ல அறிவியல்தான். 1861இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவரிடம் லெபோர்ன் என்ற நோயாளி வந்தார். பிறர் சொல்வது பெரும்பாலும் அவருக்குப் புரியும், ஆனால் வாயைத் திறந்தால் "டான்" என்ற ஒரே அசைதான் வரும். சில நாளில் அவர் இறந்துபோனார். மூளையைப் பார்த்தபோது இடது பக்கத்தின் முன்பகுதியில் சேதம் இருந்தது. இப்படிப் பல நோயாளிகளைப் பார்த்த பிறகு, 1865இல், நாம் பேசுவது இடது பாதியால்தான் என்று புரோக்கா சொன்னார். 1874இல் கார்ல் வெர்னிக்கே, சரளமாகப் பேசுவார்கள் ஆனால் பேச்சில் பொருள் இருக்காது என்கிற இன்னொரு வகையை விவரித்தார். அதுவும் இடது பக்கம்தான், கொஞ்சம் பின்னால்.

அப்புறம் 1960களில் அமெரிக்காவில் ரோஜர் ஸ்பெர்ரியும் அவருடைய மாணவர் மைக்கேல் கஸ்ஸனிகாவும் செய்த சோதனைகள். கடுமையான வலிப்பு நோய் இருந்த சிலருக்கு, வலிப்பு ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்குப் பரவாமல் இருக்க அந்த நடுக் கட்டையே வெட்டியிருந்தார்கள். அப்படி ஒருவருக்குப் பின்னாளில் கஸ்ஸனிகா குழுவினர் செய்த சோதனையில், வலது பாதிக்கு மட்டும் தெரியும்படி பனி மூடிய ஒரு காட்சியையும், இடது பாதிக்கு மட்டும் தெரியும்படி ஒரு கோழிக்காலையும் காட்டினார்கள். பொருத்தமான படத்தைத் தொடச் சொன்னதும் வலது கை கோழியைத் தொட்டது, இடது கை மண்வாரியைத் தொட்டது. பனியை அள்ள மண்வாரி, சரிதான். ஆனால் "ஏன் மண்வாரி?" என்று கேட்டபோது பதில் சொல்ல வேண்டியது பேசத் தெரிந்த இடது பாதி, அது பனியைப் பார்க்கவே இல்லை. அவர் தயங்காமல் "கோழிக்கூண்டைச் சுத்தம் பண்ண மண்வாரி வேணுமே" என்றார். இதை முதன்முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

"அதுக்கு நோபல் பரிசே கொடுத்திருக்காங்களாமே, அப்போ உண்மைதானே?"

1981இல் ஸ்பெர்ரிக்கு மருத்துவ நோபல் கிடைத்தது, கிடைக்க வேண்டியதுதான். ஆனால் அவர் பார்த்தது நடுக்கட்டு வெட்டப்பட்டவர்களை. நம் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டு முழுசாக இருக்கிறது. 'இந்த வேலை இந்தப் பாதிக்குச் சாய்கிறது' என்று அவர் கண்டதை 'இந்த ஆள் இந்தப் பாதிக்காரர்' என்று மாற்றியது 1970களின் பத்திரிகைகளும் பயிற்சி வகுப்புகளும்தான். வேலைக்குச் சொன்னதை ஆளுக்குச் சொன்னார்கள், தவறு நடந்த இடம் அதுதான்.

ஆட்களைப் பற்றியும் நேரடியாகச் சோதித்திருக்கிறார்கள். 2013இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் 7 வயதிலிருந்து 29 வயது வரை 1,011 பேரின் மூளைப் படங்களை எடுத்துப் பார்த்தார்கள். சில வேலைகளுக்கான இணைப்புகள் இடது பக்கம் பலமாக இருந்தன, சில வலது பக்கம். ஆனால் ஒருவருக்கு மொத்த மூளையும் இடது பக்கமோ வலது பக்கமோ பலமாக இருக்கிறது என்பதற்கு அடையாளமே கிடைக்கவில்லை.

"மொழி இடது பக்கம்னு எப்படி உறுதியா சொல்றாங்க? உயிரோட இருக்கிறவங்க மண்டையைத் திறந்தா பார்த்தாங்க?"

1949இல் ஜூன் வாடா என்ற ஜப்பானிய மருத்துவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கழுத்து நாடி ஒன்றின் வழியாக மயக்க மருந்தைச் செலுத்தி ஒரு பாதி மூளையை மட்டும் சில நிமிடம் தூங்கவைப்பது. நோயாளி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருப்பார். மருந்து ஏறியதும் எதிர்ப்பக்கக் கை தொப்பென்று விழும். தூங்கியது மொழிப் பாதியாக இருந்தால் எண்ணுவதும் அப்படியே நின்றுவிடும். மூளை அறுவைக்கு முன் பேச்சு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள இதைச் செய்தார்கள். இப்போது பெரும்பாலும் ஸ்கேன் போதும்.

வலதுகைக்காரர்களில் ஏறக்குறைய 95 சதவீதம் பேருக்கு மொழி இடது பக்கம் சாய்ந்திருக்கிறது. அதற்காக வலது பக்கம் மொழியில் சும்மா இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். "வா" என்ற ஒரே சொல்லை அம்மா பாசமாகச் சொல்கிறாரா, மிரட்டிச் சொல்கிறாரா, சலித்துப்போய்ச் சொல்கிறாரா என்று குரலின் ஏற்ற இறக்கத்தில் பிடிப்பதில் வலது பாதிக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே அடிபட்டவர்கள் சிலருக்கு ஒவ்வொரு சொல்லும் புரியும், ஆனால் கிண்டலும் சிலேடையும் பிடிபடாது.

"சரி, கணக்கு எந்தப் பக்கம்? அதைச் சொல்லுங்க முதல்ல."

எந்தக் கணக்கு என்பதைப் பொறுத்தது. 'இந்தக் கூடையில் மாங்காய் அதிகமா, அந்தக் கூடையிலா' என்று எண்ணாமலே அளவை உணர்வதற்கு, உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால் இரண்டு பக்கத்திலும் உள்ள ஒரு மடிப்புப் பகுதி வேலை செய்கிறது. இரண்டு பக்கத்திலும். ஆனால் ஏழெட்டு ஐம்பத்தாறு என்று வாய்ப்பாட்டிலிருந்து எடுத்துச் சொல்வது வேறு வேலை. அது மனப்பாடச் செய்யுள் போல மொழியோடு ஒட்டிக் கிடக்கிறது, அதனால் இடது பக்கம் சாய்கிறது. இடது பக்கப் பின்பகுதியில் அடிபட்ட சிலருக்குக் கணக்கு, எழுத்து இரண்டும் போய்விடும், எது தன் மோதிர விரல் என்று தெரியாது, இடது வலது குழம்பும். கெர்ஸ்ட்மன் கூட்டுக்குறி என்பார்கள். எண்ணும் விரலும் ஒன்றாகப் போவதைப் பார்த்தால், விரல்விட்டு எண்ணும் குழந்தையைத் திட்ட எனக்கு மனசு வருவதில்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. 2005இல் பிரிட்டனில், இடது மூளையில் பெரிய சேதம் ஏற்பட்டு இலக்கணமே போய்விட்ட மூன்று பேரைச் சோதித்தார்கள். யார் யாரை அடித்தார் என்பது சொற்கள் வரும் வரிசையால் மட்டும் தெரிகிற ஆங்கில வாக்கியங்கள் அவர்களுக்குப் புரியவில்லை. ஆனால் சிறிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிப்பதை, அடைப்புக்குறி போட்ட கணக்கை எல்லாம் செய்தார்கள். 2016இல் பிரான்ஸில் மரி அமல்ரிக்கும் ஸ்டானிஸ்லாஸ் தெஹானும் 15 கணித ஆராய்ச்சியாளர்களை ஸ்கேனரில் படுக்கவைத்து உயர்கணித வாக்கியங்களைக் காதில் கேட்கவைத்து, சரியா தவறா என்று யோசிக்கச் சொன்னார்கள். அப்போது வேலை செய்தது இரண்டு பக்கத்திலும் பரவிய பகுதிகள். மொழிக்கான பகுதிகளோடு அவை அநேகமாகச் சேரவே இல்லை.

"வீட்ல தமிழ்ல வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன், இப்போ இங்கிலீஷ் மீடியம்ல திணறுறான். கணக்கு மூளை இல்லையோ?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் பேசுவேன். தெஹானின் குழு 1999இல் வெளியிட்ட ஒரு சோதனையைக் கேளுங்கள். ரஷ்ய மொழியும் ஆங்கிலமும் தெரிந்த பெரியவர்களுக்குச் சில கூட்டல்களை ஒரு மொழியில் நன்றாகப் பழக்கினார்கள். அதே கூட்டலை மற்ற மொழியில் கேட்டபோது சரியான விடை சொல்ல அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் "ஏறக்குறைய எவ்வளவு வரும்" என்று கேட்டால் மொழி மாறியதால் வேகம் குறையவில்லை. துல்லியமான விடை எந்த மொழியில் பழகியதோ அந்த மொழியில் பதிந்திருக்கிறது, அளவின் உணர்வுக்கு மொழி இல்லை.

அப்போ உங்கள் பையன் 'செவன் எய்ட்ஸ் ஆர்' என்று கேட்டதும் ஒரு நொடி நிற்பது ஏன் என்று புரிகிறதா? அவன் உள்ளே 'ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொன்று' என்று ஓடி, எட்டாவது அடிக்குப் போய், விடையை எடுத்து, ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்கிறான். ஒரு வேலை செய்கிற பையனோடு அவனை ஒப்பிடுகிறோம், அவன் செய்வதோ மூன்று வேலை. இரண்டாம் மொழியிலும் அந்த வாய்ப்பாட்டைச் சொல்லிச் சொல்லிப் பழகினால் தாமதம் குறையும். தமிழில் சொல்லிக்கொடுத்தது தப்பே இல்லை. தமிழ் எண் பெயர்கள் குழந்தைக்கு உதவவும் செய்கின்றன, இருபத்து மூன்று என்றால் இருபது முன்னால், மூன்று பின்னால், எழுதுகிற வரிசையே சொல்கிற வரிசை. ஜெர்மன் குழந்தை 'மூன்றும் இருபதும்' என்று சொல்லிவிட்டு 23 என்று எழுத வேண்டும். நம்மிடமும் ஒரு சிக்கல் இடம் உண்டு: தொண்ணூறில் நூறு ஒளிந்திருக்கிறது, தொள்ளாயிரத்தில் ஆயிரம் ஒளிந்திருக்கிறது. சின்ன வகுப்பில் 90ஐ 900 என்று எழுதும் பிள்ளைகள் காதில் விழுந்ததைத்தான் எழுதுகிறார்கள்.

"பின்னம் மட்டும் தலைகீழா எழுதுறா மிஸ். மற்றதெல்லாம் போடுறா. மூளையில இடம் வலம் மாறிப்போச்சா?"

இதே மாதிரி ஒரு பெண் என் வகுப்பில் இருந்தாள். தமிழ்க் கட்டுரையில் முதல் ஆள், அழகாகக் கவிதை எழுதுவாள், "அவளுக்கு வலது மூளை, கணக்கு வராது" என்று வீட்டிலேயே முடிவுசெய்திருந்தார்கள். ஒருநாள் அவள் நோட்டை எடுத்துப் பார்த்தேன். 'டூ பை ஃபைவ்' என்று நான் சொன்ன இடத்திலெல்லாம் 5 மேலே, 2 கீழே. எப்படிப் படிக்கிறாய் என்று கேட்டேன். விரலை மேலே வைத்து "ஐந்தில்", கீழே இறக்கி "இரண்டு" என்றாள். தமிழில் பின்னத்தைப் பகுதியிலிருந்து தொடங்குகிறோம், நான் ஆங்கிலத்தில் சொன்னதை அவள் மனசுக்குள் தமிழில் மாற்றி, அதில் முதலில் வருவதை மேலே எழுதுகிறாள். அவளுடைய தர்க்கம் முழுசாகச் சரி. "தமிழில் படிக்கும்போது கீழிருந்து மேலே ஏறு" என்று ஒரு அம்புக்குறி போட்டுக் காட்டினேன். இரண்டு வாரத்தில் அந்தத் தவறு போயிற்று.

தமிழ் வழி உண்மையில் ஒரு வசதி. கொரிய மொழியிலும் பின்னத்துக்கு நம்மைப் போலவே 'மூன்றில் ஒன்று' என்ற வரிசைதான். 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பள்ளியில் பின்னம் படிப்பதற்கு முன்பே கொரியப் பிள்ளைகள் பின்னத்துக்கேற்ற படத்தை அமெரிக்க, குரோஷியப் பிள்ளைகளைவிட நன்றாக அடையாளம் காட்டினார்கள். சொல்லிலேயே பொருள் இருக்கிறது, மூன்று பங்கு, அதில் ஒன்று.

"இடது கையால எழுதுற பிள்ளைக்கு வலது மூளை, அதனால மொழி வராதுன்னு எங்க மாமியார் சொல்றாங்க"

உலகில் பத்தில் ஒருவர் இடதுகைக்காரர். அவர்களிலும் பெரும்பாலோருக்கு மொழி இடது பக்கம்தான் இருக்கிறது, ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு மட்டும் வலது பக்கமோ இரண்டு பக்கமுமோ. அப்படி வலது பக்கம் இருந்தாலும் அவர்கள் நன்றாகத்தான் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள். எந்தக் கை என்பதை வைத்து ஒரு குழந்தையின் கணக்கு மதிப்பெண்ணையோ தமிழ் மதிப்பெண்ணையோ ஊகிக்க முடியாது. மாமியாரிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். கையை மாற்றச்சொல்லி மட்டும் குழந்தையை அடிக்காதீர்கள்.

"பொண்ணுங்களுக்கு மொழி, பசங்களுக்கு கணக்கு, இதாவது மூளை சம்பந்தப்பட்டதுதானே?"

மொழி ஒரு பக்கம் சாய்வதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நிலையான வித்தியாசம் இல்லை என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 2008இல் அமெரிக்காவில் சுமார் 70 லட்சம் மாணவர்களின் கணிதத் தேர்வு மதிப்பெண்களை எடுத்துப் பார்த்தபோது சராசரியில் வித்தியாசம் இல்லை. நம் பிளஸ் டூ முடிவுகளில் ஒவ்வொரு வருஷமும் யார் தேர்ச்சி அதிகம் என்று உங்களுக்கே தெரியும்.

"விரல் ரேகை வச்சு டெஸ்ட் எடுத்தோம், ரைட் பிரெயின் 62 சதவீதம்னு வந்திருக்கு. இதுக்கு என்ன அர்த்தம்?"

அர்த்தம் எதுவும் இல்லை. விரல் ரேகை கருவிலேயே உருவாகி முடிந்துவிடுகிறது, சாகும்வரை மாறாது. மூளை குழந்தை படிக்கப் படிக்க மாறுகிறது. மாறாத ஒன்றைப் படித்து மாறுகிற ஒன்றைச் சொல்கிறேன் என்பதே இடிக்கிறது. டி.எம்.ஐ.டி. என்ற இந்தச் சோதனைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மனநல மருத்துவர்களின் சங்கமே சொல்லிவிட்டது. 62 சதவீதம் என்ற எண்ணுக்கு முன்னால் எதன் 62 சதவீதம் என்று கேளுங்கள், பதில் வராது.

நடுமூளையை முடுக்கிவிட்டால் பிள்ளை கண்ணைக் கட்டிக்கொண்டே படிக்கும் என்று சொல்லி நடத்தும் 'மிட்பிரெயின் ஆக்டிவேஷன்' வகுப்புகள் பற்றியும் இதோடு சொல்லிவிடுகிறேன். நடுமூளை என்பது மூளைத்தண்டின் மேல்பகுதியில் இரண்டு சென்டிமீட்டர் அளவுள்ள பகுதி. கண் அசைவுக்கும் உடல் இயக்கத்துக்கும் பிறந்ததிலிருந்து அது ஓயாமல் வேலை செய்கிறது, யாரும் முடுக்கிவிட வேண்டியதில்லை. கண்ணைக் கட்டிப் புத்தகம் படிக்கும் ஒரு நிகழ்ச்சியை நேரில் பார்த்தேன். அந்தச் சிறுமி தாடையைத் தூக்கி, மூக்கின் ஓரத்து இடைவெளி வழியாகக் கீழே பார்த்துப் படித்தாள். எட்டு வயது இருக்கும். பொய் சொல்லப் பழக்கப்பட்ட அந்தப் பிள்ளையை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

"அபாகஸ் ரெண்டு பக்க மூளையையும் வளர்க்கும்னு போட்டிருக்காங்களே, சேர்க்கலாமா?"

நம் நாட்டிலேயே, குஜராத்தின் வதோதராவில், குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து 3 வருஷம் பின்தொடர்ந்த ஆய்வு இருக்கிறது, 2016இல் வெளிவந்தது. மன அபாகஸ் படித்தவர்களுக்குக் கூட்டல் பெருக்கல் போன்ற எண்கணிதம் ஓரளவு கூடியது. நினைவாற்றல் போன்ற பொதுவான திறன்கள் கூடவில்லை. நன்கு பழகியவர்கள் மணிகளை மனக்கண்ணில் பார்த்து, விரலைக் காற்றில் அசைத்து விடை சொல்கிறார்கள். அதாவது மேலே சொன்ன வாய்ப்பாட்டு வழிக்குப் பதிலாகப் பார்வை வழி. பிள்ளைக்குப் பிடித்தால் சேர்த்துவிடுங்கள், எண்ணில் வேகம் வரும். ஜியாமெட்ரியும் ஹிந்தியும் தானாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

"கதை, கட்டுரை எல்லாம் நல்லா வருது, கணக்கு மட்டும் சுத்தமா வரலை. இது மூளைக் குறைதானே?"

பெரும்பாலும் இல்லை. முதலில் பார்க்க வேண்டியது எந்த வகுப்பில் எந்தப் பாடம் விட்டுப்போனது என்பதுதான். நாலாம் வகுப்பில் அம்மை போட்டு மூன்று வாரம் வராத பிள்ளைக்கு வகுத்தல் விட்டுப்போயிருக்கும், எட்டாம் வகுப்பில் அது இயற்கணிதப் பிரச்சனையாகத் தெரியும்.

ஆனால் ஒரு சிறு பங்குப் பிள்ளைகளுக்கு, நூற்றில் ஐந்து பேர் என்று வைத்துக்கொள்ளலாம், டிஸ்கால்குலியா என்ற உண்மையான சிரமம் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பிலும் 3+4க்கு விரல் வேண்டும், 7 பெரிதா 5 பெரிதா என்பதில் தயக்கம், மணி பார்க்க, சில்லறை எண்ண முடியாது, எவ்வளவு பழக்கினாலும் மறுநாள் காணோம் என்றால் சோதித்துப் பாருங்கள். இது சோம்பேறித்தனமும் இல்லை, 'வலது மூளை'யும் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் டிஸ்லெக்சியாவோடு இதுவும் சேர்க்கப்பட்டிருக்கிறது. சான்றிதழ் இருந்தால் தேர்வில் சலுகை கேட்கலாம், பள்ளியில் பேசுங்கள்.

"சகுந்தலா தேவி மாதிரி ஆளுங்களுக்கு மூளையே வேற மாதிரி இருந்திருக்கும்ல?"

1980இல் லண்டனில் இரண்டு 13 இலக்க எண்களை 28 நொடியில் பெருக்கினார் அவர். 1988இல் உளவியலாளர் ஆர்தர் ஜென்சன் அவரைச் சோதித்தார். விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்துவது போன்ற அடிப்படை வேகச் சோதனைகளில் அவர் சாதாரணமானவர்கள் மாதிரிதான் இருந்தார். எண்களில் மட்டும்தான் அந்த வேகம், சின்ன வயதிலிருந்து அவற்றோடேயே வாழ்ந்தவர்.

"பிறக்கும்போதே இடது பக்கம் அடிபட்ட குழந்தைக்குப் பேச்சே வராதா அப்போ?"

வரும். பிறந்த சமயத்தில் இடது பக்கம் பெரிய சேதமான குழந்தைகள் பலருக்கு மொழி வலது பக்கத்தில், அதே இடத்தின் எதிரொலி போன்ற பகுதியில் வளர்ந்துவிடுகிறது. நல்ல ஆரோக்கியமான 4 முதல் 6 வயதுக் குழந்தைகளை ஸ்கேன் செய்தாலும் வாக்கியம் கேட்கும்போது இரண்டு பக்கமும் வேலை செய்கிறது, வயது ஏற ஏறத்தான் இடது பக்கம் சாய்கிறது. பெரியவர்களுக்குப் பக்கவாதத்தில் போன பேச்சு திரும்புவது கடினம், அதற்குப் பயிற்சியை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது.

"பத்தாவது முடிச்சிட்டா. மேத்ஸ் குரூப்பா, ஆர்ட்ஸ் குரூப்பா? மூளைக்கு ஏத்த மாதிரி சொல்லுங்க."

மூளையின் பக்கத்தை வைத்துச் சொல்ல என்னால் முடியாது, யாராலும் முடியாது. நான் கேட்பது வேறு. விடை தெரியாத கணக்கோடு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பாள்? லீவில் யாரும் சொல்லாமல் எதை எடுத்துப் படிக்கிறாள்? பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணில் தவறுகள் எங்கே, வழி தெரியாமலா, கூட்டலில் சறுக்கியா? அவளையே கூட்டி வாருங்கள், விடைத்தாள் நகலையும் கொண்டு வாருங்கள், மூன்று பேரும் உட்கார்ந்து பார்ப்போம்.

"மிஸ், கணக்குப் போடும்போது மனசுக்குள்ள தமிழ்லதான் பேசிக்கிறேன். தப்பா?"

இதைக் கேட்டது ஏழாம் வகுப்புப் பையன், மெதுவாக, மற்றவர்கள் போன பிறகு. தப்பில்லைடா. வாய்ப்பாடு பற்றி மேலே எழுதியிருப்பதைப் படி, உன் மூளை தனக்குத் தெரிந்த இடத்திலிருந்து எடுக்கிறது, அவ்வளவுதான். நாளைக்கு வகுப்பில் அந்த வட்டிக் கணக்கை நீ போர்டில் போடு, மனசுக்குள் சொல்வதை வாய்விட்டே சொல்லு, தமிழில்.